ரயில் பயணக் கணக்கு: இந்த வாரம் பிள்ளைகளுக்கு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் பிள்ளைகளை ரயில் கால அட்டவணையை வைத்துக் கணக்குப் போடச் சொல்வோம்.

ரயில் 21:40க்குப் புறப்பட்டு, மறுநாள் காலை 06:15க்குப் போய்ச் சேருகிறது. எவ்வளவு நேரப் பயணம்? என் மகள் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 15 மணி 25 நிமிடம் என்றாள். ராத்திரி ஏறிக் காலையில் இறங்குவதற்கு இவ்வளவா என்று அப்புறம் அவளே முழித்தாள். நள்ளிரவில் ஒரு கோடு போடச் சொன்னேன்: 24:00 வரை 2 மணி 20 நிமிடம், அதற்குப் பிறகு 6 மணி 15 நிமிடம். ஆக, 8 மணி 35 நிமிடம். (அவளுடைய தப்பு விடையை 24 மணியிலிருந்து கழித்தாலும் இதேதான் வருகிறது. ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.) கால்குலேட்டர் வேண்டாம், மணிக்கு 60 நிமிடம் என்பது அதற்குத் தெரியாது.

தூரம் 515 கி.மீ. என்றால் சராசரி வேகம் என்ன? 8 மணி 35 நிமிடத்தை நிமிடமாக்கினால் விடை தானாக வரும். நிலையங்களில் நின்ற நேரமும் அதில் அடக்கம் என்பதால், ஓடும்போது வேகம் இன்னும் கூடுதல்.

நிலையத்துக்கு 45 நிமிட வழி, அரை மணி முன்னதாகப் போக வேண்டும். சரி, வீட்டைவிட்டு எப்போது கிளம்புவது? செருப்பு தேடும் நேரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

விடைகளை ஞாயிறு மாலைக்குள் இங்கே படமெடுத்துப் போடுங்கள்.