செத்தவர்களுக்கு எதற்கு மன்னிப்பு என்று கேட்ட நண்பனுக்கு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ராமசாமிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மஞ்சள் வெட்டு நடக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம்.

அடிமை வைத்தவனும் செத்தான், அடிமைப்பட்டவனும் செத்தான், இப்போது அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று எழுதியிருந்தாய். ஆள் சாவான், அரசாங்கம் சாவதில்லையப்பா. 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்ட பிரிட்டன், அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. விடுதலையானவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி அடைந்தது 2015-இல். கடன் அத்தனை காலம் உயிரோடு இருந்ததென்றால், பொறுப்பு மட்டும் எப்படி அற்றுப்போகும்? கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நம் பகுதிகளை அந்தச் சட்டம் விட்டுவிட்டது என்பதையும் மறக்காதே. நமக்கு 1843-இல் தனிச் சட்டம் வந்தது. அடிமை உரிமையைக் கோர்ட் இனி ஏற்காது என்றதே தவிர, போய் யாரையும் விடுவிக்கவில்லை. வாங்கிய கடனுக்காக உழைக்க வைக்கும் கொத்தடிமை முறை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்க செனட் 2009-இல் மன்னிப்புத் தீர்மானம் போட்டது. இதைக் காட்டி அரசிடம் யாரும் ஈடு கோர முடியாது என்று அதிலேயே ஒரு பிரிவையும் சேர்த்தது. நான் அதை மன்னிப்பாகவே எண்ண மாட்டேன். நெதர்லாந்தின் அப்போதைய பிரதமர் ருட்டே 2022 டிசம்பர் 19-இல் கேட்டது மேல். அரசின் செயலுக்கென்றே கேட்டார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆசியப் பகுதிகளில் விற்கப்பட்டவர்கள் 6,60,000 முதல் 10 லட்சத்துக்கும் மேல் என்று சொன்னார். பழவேற்காட்டில் கப்பலேற்றப்பட்ட நம் சனங்களும் அதில் அடக்கம். 20 கோடி யூரோ நிதியும் அறிவித்தார்கள். சறுக்கியது தேதியில். தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமின் வம்சாவளியினர் பலர் 2023 ஜூலை 1 வரை பொறுக்கச் சொன்னார்கள். 1863-இல் விடுதலை என்று அறிவித்தும், சுரினாமில் 10 ஆண்டு கட்டாய வேலை வாங்கி 1873-இல்தான் விட்டார்கள். அதன் 150-ஆம் ஆண்டு அது. பாதிக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசாமல் நாள் குறித்தால் இப்படித்தான் ஆகும்.

நம் ஊருக்கு வருகிறேன். 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி, விடுவிக்கப்பட்டவரின் கடன் அத்தோடு ரத்து. அதை வசூலிப்பதே குற்றம். ஆனாலும் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளி வாங்கிய அட்வான்ஸ் கழியாமல் தறியை விட்டு நகர முடியாத நிலையைப் பார்க்கிறோம். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகை நகராது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கொடிய வழக்குகளில் 3 லட்சம். முழுத் தொகை வழக்கின் முடிவோடு பிணைந்திருப்பதால் இழுபறி. வாக்குமூலத்தில் அட்வான்ஸ் எவ்வளவு, வெளியே போகத் தடை இருந்ததா, குறைந்தபட்சக் கூலி கிடைத்ததா என்று எழுதாமல் விட்டால், வெறும் கூலித் தகராறு என்று தள்ளிவிடுகிறார்கள்.

நம் அரசாங்கம் மன்னிப்பை அங்கேயிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தும் உங்களைக் காக்கத் தவறினோம், மன்னியுங்கள் என்று அந்தச் சான்றிதழிலேயே அச்சடிக்கட்டும். கொடுக்கிற அதிகாரி அதைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுக்கட்டும். உடனடி உதவித் தொகையும் அன்றைக்கே சேர வேண்டும்.

உனக்கு இதில் மறுப்பு இருந்தால் எழுது.

அன்புடன்,
பழனிச்சாமி