ஜனவரி 6: எந்த நாள்காட்டியின்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ‘இந்த நாளில்’ பகுதியில் ஜனவரி 6 அன்று தியாகராஜ சுவாமிகள் மறைந்ததும் (1847), ஜி.என். பாலசுப்பிரமணியம் பிறந்ததும் (1910), ஏ.ஆர். ரஹ்மான் பிறந்ததும் (1967) அடுத்தடுத்து அச்சாகியிருந்தன. மூன்று ஆண்டுகளும் சரியானவையே. ஆயினும் முதல் தேதி மற்ற இரண்டையும் போன்றதன்று என்பதையும், அந்த வேறுபாட்டை ஒரே ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம் என்பதையும் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

தியாகராஜர் திருவையாற்றில் சித்தியடைந்த நாளை அவருடைய சீடர் பரம்பரை பராபவ வருடம், புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் திதி) என்றே நினைவில் வைத்திருந்தது. ஜனவரி 6 என்பது பஞ்சாங்கத்திலிருந்து பிற்பாடு மாற்றிக் கணக்கிட்டுக்கொண்ட ஆங்கிலத் தேதி. காவிரிக் கரையிலுள்ள சமாதியில் காலையில் நாதஸ்வரம் முழங்கி, பின்னர் நூற்றுக்கணக்கான வித்வான்கள் எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்து, நாட்டையில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி வழியாக ஸ்ரீராகத்தில் முடியும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடும் ஆராதனை நடப்பது அந்தப் பஞ்சமியன்றுதான். அது 2021-இல் பிப்ரவரி 2 அன்றும், 2023-இல் ஜனவரி 11 அன்றும், 2024-இல் ஜனவரி 30 அன்றும், 2025-இல் ஜனவரி 18 அன்றும் வந்தது. தங்கள் குறிப்பைப் படித்துவிட்டு ஜனவரி 6 அன்று ஆராதனை பார்க்கலாம் என்று திருவையாற்றுக்குப் பேருந்து ஏறும் வாசகர், பெரும்பாலான ஆண்டுகளில் பந்தல் வேலையைத்தான் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

விதிவிலக்கும் உண்டு. 2018-இல் பஞ்சமி ஜனவரி 6 அன்றே அமைந்தது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் திதி ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, இடையிடையே கூட்டப்படும் பதின்மூன்றாம் மாதமான அதிக மாதம் வரும்போது மீண்டும் பின்னே தள்ளப்படுகிறது. இந்தக் கணக்கில் 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை திதியும் ஆங்கிலத் தேதியும் ஏறத்தாழ ஒன்றுசேரும். 1847-க்கும் 2018-க்கும் இடையே உள்ள 171 ஆண்டுகள் அப்படிப்பட்ட ஒன்பது சுற்றுகள். அந்த ஆண்டு இதனைச் சுட்டிக்காட்டும் நல்ல வாய்ப்பு பத்திரிகைகளுக்கு இருந்தது.

இது நம் பஞ்சாங்கத்துக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. தங்கள் பட்டியலில் இடம்பெறாத ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் ஸ்க்ரியாபினின் பிறந்தநாளும் ஜனவரி 6 (1872) என்றே இசை அகராதிகளில் காணப்படுகிறது. மாஸ்கோவில் அவர் பிறந்தபோது அங்கு வழங்கிய ஜூலியன் நாள்காட்டியில் அது 1871 டிசம்பர் 25, அதாவது கிறிஸ்துமஸ் நாள். ரஷ்யா புதிய நாள்காட்டிக்கு மாறியது 1918-இல். அவரோ 1915-இலேயே காலமாகிவிட்டார். இசை உலகையே மீட்கும் என்று நம்பிய, தாம் கிறிஸ்து பிறந்த நாளில் பிறந்தவர் என்பதற்குத் தனிப் பொருள் கண்ட அந்த மனிதரை வெறும் ஜனவரி 6 என்ற கட்டத்துக்குள் அடைத்தால், அவரைப் புரிந்துகொள்ள உதவும் தகவலையே நாம் கழித்துவிடுகிறோம்.

ரஹ்மான், ஜி.என்.பி. ஆகியோரின் தேதிகளில் இத்தகைய சிக்கல் இல்லை. எனினும் ஜி.என்.பி.யைப் பற்றித் தாங்கள் தந்த ‘பிரபல பாடகர்’ என்ற இரண்டு சொற்கள் போதா. மாயவரத்துக்கு அருகிலுள்ள கூடலூரில் பிறந்து, ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற அவர், 1928-இல் மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் முசிறி சுப்பிரமணிய ஐயர் வர இயலாத நிலையில் அவருக்குப் பதிலாக மேடையேறியவர், 1958-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர், எம்.எல். வசந்தகுமாரியை உருவாக்கியவர். பிருகாக்கள் எனப்படும் மின்னல் வேக ஸ்வரக் கோவைகளுடன் அவர் பாடிப் புகழ்பெற்றவற்றுள் ஒன்று கல்யாணி ராகத்தில் அமைந்த ‘வாசுதேவயனி’; அது தியாகராஜரின் கீர்த்தனை. ஒரே கட்டத்தில் வைத்த இரண்டு பெயர்களுக்கும் இடையே இப்படி ஓர் உண்மையான தொடர்பு இருக்கையில், அதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

வெளிநாட்டுப் பெயர்களுக்கு இடமிருந்தால், 1838-இல் இதே தேதியில் கொலோன் நகரில் பிறந்த ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் புரூக்கையும், 1993-இல் மறைந்த ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியையும் சேர்க்கலாம். கில்லெஸ்பியின் டிரம்பெட்டின் வாய் மேல்நோக்கி வளைந்திருப்பதைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். 1953 ஜனவரி 6 அன்று, அவருடைய மனைவியின் பிறந்தநாள் விருந்தில், யாரோ தடுக்கி அதன்மேல் விழுந்ததால் நேர்ந்த வளைவு அது. அதிலிருந்து எழுந்த ஒலி பிடித்துப்போகவே, பின்னர் அப்படியே செய்து வாங்கிக்கொண்டார். சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து அதே தேதியில் அவர் மறைந்தது தற்செயல்தான் என்றாலும், இத்தகைய பகுதிக்கு இதைவிடச் சுவையான செய்தி கிடைப்பது அரிது.

ஆகவே, திதியாலோ பழைய நாள்காட்டியாலோ அறியப்பட்ட நாள்களுக்கு அந்த மூலக் குறிப்பையும் அருகில் சிறிய எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்து வரவிருக்கும் மே 4 (1767) தியாகராஜரின் பிறந்தநாள். அதனுடன் ‘சர்வஜித்து வருடம், சித்திரை மாதம், பூச நட்சத்திரம்’ என்று சேர்த்தாலே போதும். அக்டோபர் 21 (1835) அன்று முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்ததைக் குறிக்கும்போது, அது தீபாவளி நாள் என்பதையும், சீடர்கள் ‘மீனாக்ஷி மே முதம் தேஹி’ பாடிக்கொண்டிருக்க அவர் உயிர் பிரிந்ததாக மரபு கூறுவதையும் விட்டுவிட வேண்டாம். இசைக் குடும்பங்கள் இன்றும் அவருடைய நினைவு நாளைத் தீபாவளியன்றுதான் கடைப்பிடிக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை