பழைய மெட்ராஸ் கட்டடங்களில் கைவைக்கும் முன்

அன்புள்ள கயல்,

சென்னையில் பழங்கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் மிகுந்த சந்தோஷம். கான்கிரீட்டையும் கம்பியையும் நன்றாகப் படித்தவள் நீ. ஆனால் இனி நீ தொடப்போகும் சுவர்களில் சிமெண்டே கிடையாது. அவை சுண்ணாம்பால் நிற்பவை. அவற்றின் கணக்கு வேறு. அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

வேலையைத் தொடங்கும் முன் சில கட்டடங்களை வயது வரிசையில் பார்த்துவிடு. முதலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம். 1680-இல் திறந்தது. சுவர் ஏறக்குறைய 4 அடிக் கனம். கூரை மரமே இல்லாமல் செங்கல்லை வளைத்துக் கட்டியது, அதுவே 2 அடிக் கனம் இருக்கும். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று யோசித்துக் கட்டினார்கள். மரம் இல்லாததால் கரையானுக்கும் தீக்கும் அங்கே இரை இல்லை. தலைமைச் செயலகமும் அதே வளாகத்தில் இருப்பதால் வாசலில் கேட்பார்கள். அடையாள அட்டையை மறக்காதே.

அடுத்து எழும்பூரில், கிர்க் என்று சொல்லும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். என்னைக் கேட்டால் இந்த ஊரிலேயே மிகச் சிறந்த கட்டுமானம் இதுதான். மேஜர் டி ஹாவிலண்ட் என்ற பொறியாளர் கட்டியது, 1821-இல் முடிந்தது. இடம் மோசமான களிமண் நிலம். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதனால் நம் ஊர் உறைக்கிணறு போல நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் அஸ்திவாரத்தை உட்கார வைத்தார். மேலே வட்டமான மண்டபம், 16 தூண்கள், அவற்றின்மேல் செங்கல்லாலான குவிமாடம். இரு நூற்றாண்டு கழிந்தும் நிற்கிறது என்றால், பெருமை முதலில் மண்ணுக்குள் இருக்கும் அந்த வேலைக்குத்தான். விரிசலைப் பார்த்ததும் சுவரைக் குறை சொல்லாதே. பக்கத்தில் யாராவது பள்ளம் தோண்டினார்களா, குழாய் கசிகிறதா என்று முதலில் விசாரி.

அந்தத் தூண்களை அருகில் போய்ப் பார். பளிங்கு மாதிரி மினுங்கும் இந்தப் பூச்சுக்கு வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் சுனாம் என்று பேர் வைத்தார்கள். செய்தவர்கள் நம் கொத்தனார்கள். கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு, அதில் மண்ணோ இரும்புச்சத்தோ இல்லாததால் அவ்வளவு வெண்மை. அடிப்பூச்சு அரை அங்குலம், கரட்டு மணலோடு. அது இறுகி, ஈரம் முழுதும் வற்றாமல் இருக்கும்போதே நடுப்பூச்சு. மேல்பூச்சுக்குச் சுண்ணாம்பையும் சன்னமான வெள்ளை மணலையும் அம்மியில் வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், கொஞ்சம் நெய் சேர்ப்பார்கள். பிறகு வழவழப்பான கல்லால் தேய்ப்பு. தேய்க்கத் தேய்க்க உள்ளிருக்கும் ஈரம் வியர்த்து மேலே வரும். மாக்கல் தூளை மெல்லிய துணியில் கட்டி ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். வியர்ப்பது நின்றால்தான் வேலை முடிந்தது. இடையில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் அந்த இடத்தில் மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழும், அதை ஒட்டுப்போட்டு மறைக்க முடியாது. ஒரு தூணை ஆரம்பித்தால் அன்றைக்கே அதை முடிக்கிற அளவுக்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அடுத்துச் சேப்பாக்கம் அரண்மனைக்குப் போ. 1768-இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காகக் கட்டியது. பின்னால் அரசு எடுத்துக்கொண்டபோது ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் அரண்மனையின் இரு பகுதிகளான ஹுமாயூன் மகாலையும் கலச மகாலையும் ஒரு கோபுரத்தால் இணைத்தார். பக்கத்திலேயே அவருடைய செனட் ஹவுஸ், 1879-இல் முடிந்தது. இங்கே நீ கூர்ந்து பார்க்க வேண்டியது கூரையை. மெட்ராஸ் டெரஸ் என்று பாடத்தில் ஒரு பக்கம் படித்திருப்பாய். அது போதாது.

தேக்கு உத்தரங்களை ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளியில் போட்டிருப்பார்கள். அவற்றின்மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல், 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம். அதைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, உத்தரங்களுக்குக் குறுக்கே மூலைவாட்டில், ஒரு மூலையிலிருந்து ஒட்டிக்கொண்டே போவார்கள். சாந்து சட்டென்று கவ்வுவதால் கீழே பலகை முட்டுக்கொடுக்க வேண்டாம். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3 முதல் 4 அங்குலம். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கட்டை பதியாமல் துள்ளி எழும்பும்வரை அடிக்க வேண்டும். வெல்லத்தைக் கூட்டிவிட்டால் சுண்ணாம்பு இறுகுவது தள்ளிப்போகும், கவனம். கடைசியாகத் தட்டோடு, மூட்டுமேல் மூட்டு வராமல்.

இது கெடுவது பெரும்பாலும் இரண்டே வழியில். ஒன்று, உத்தரத்தின் நுனி. சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த ஓரடிதான் காற்றில்லாமல் ஈரத்தில் முதலில் உளுக்கும். நடுவில் தட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதே. சுவரோரம் திருப்புளியால் குத்திப் பார். இரண்டாவது, ஒழுகும்போதெல்லாம் மேலே இன்னொரு பூச்சு போடும் வழக்கம். ஓர் அங்குலம் கூடினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 கிலோ ஏறுகிறது. பல ஆண்டுகளாகப் போட்டுப் போட்டு, கூரைகள் தம் சொந்த மருத்துவத்தின் பாரத்தாலேயே தொய்கின்றன. புதிதாக எதையும் போடும் முன் ஒரு மூலையில் வெட்டிப் பார்த்து எத்தனை அடுக்கு இருக்கிறதென்று எண்ணு. தண்ணீர் வடிய 10 அடிக்கு 2 அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும்.

தீ இன்னொரு பெரிய எதிரி. 1985-இல் மூர் மார்க்கெட், 2000-இல் பொதுத் தபால் அலுவலகம், 2012 ஜனவரியில் கலச மகால். உலர்ந்த தேக்கு, அடுக்கி வைத்த காகிதம், காலாவதியான மின்கம்பி மூன்றும் ஒரே அறையில் இருந்தால் போதும். நீ எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் விரிசலை அளப்பதற்கு முன்னால் மின் இணைப்புப் பலகையைத் திறந்து பார்க்கச் சொல்.

உயர் நீதிமன்றம் 1892-இல் திறந்தது. பிராசிங்டன் வரைந்து, ஹென்றி இர்வின் முடித்தது. எடுத்துக் கட்டியவர் நம்பெருமாள் செட்டி. விக்டோரியா பொது மண்டபமும் அவர் கட்டியதே. வரைந்தவர் பெயரைச் சொல்லும் நம் ஆட்கள் கட்டியவர் பெயரைச் சொல்வதில்லை, நீ சொல். நீதிமன்றத்தின் உயரமான குவிமாடத்தில் 1894 முதல் 1970-கள் வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அங்கே கற்க வேண்டியது பூசாத சிவப்புச் செங்கல். சூளையில் வெந்த செங்கல்லுக்கு வெளிப்புறம் ஒரு கெட்டியான தோல் உண்டு. மணலை வீசி அடித்துச் சுத்தம் செய்தாலோ சாணை பிடித்தாலோ அந்தத் தோல் போய்விடும். பிறகு ஒவ்வொரு மழையும் உள்ளே இறங்கும். சிவப்புச் செங்கல்மேல் சிவப்புப் பெயிண்ட் அடிப்பதும் எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத காரியம். மென்மையான பிரஷும் தண்ணீரும் போதும். மூட்டுகளைப் புதுப்பிக்கும்போது சின்ன உளியால் கையாலேயே ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டச் சொல். அறுக்கும் இயந்திரத்தைக் கிட்டவே விடாதே, அது மூட்டை விட்டுச் செங்கல்லைத் தின்னும்.

ரிப்பன் மாளிகையை (1913, லோகநாத முதலியார் கட்டியது) போகிறபோக்கில் பார்த்தால் போதும்.

இப்போது சிமெண்டு விஷயம். இந்தச் சுவர்கள் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது இயல்பு, கடலோரமாதலால் உப்பும் சேர்ந்து ஏறும். சுண்ணாம்புக் காறை அந்த ஓதத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, இல்லையென்றால் செங்கல் வழியாக வெளியேறுகிறது. உலரும்போது உப்பு பூத்து, செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். சிமெண்டுப் பூச்சு மட்டும் கெட்டியாக நிற்கும், அதன் பின்னால் சுவர் பொடியாகியிருக்கும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. அவசரம் என்று யார் சொன்னாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, சலித்து, மூன்று நான்கு வாரமாவது தண்ணீருக்கடியில் கிடக்க விடு. ஒரு வாரம் போதும் என்பார்கள். நீறாத கட்டி உள்ளே இருந்தால் பூசிய பிறகு நீறி, காறையைத் தெறிக்க வைக்கும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஈரச் சாக்கு கட்டி வெயில் படாமல் ஒரு வாரம் காக்க வேண்டும்.

கலவை விகிதத்தைப் பழைய காறையிடமே கேள். மேற்பரப்பை விட்டு 2 அங்குலம் உள்ளேயிருந்து 100 கிராம் எடு. காயவைத்து, மணல் உடையாமல் மரச்சுத்தியலால் உதிர்த்து, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். நுரைப்பது நின்றதும் வடிகட்டி, கழுவி, காயவைத்து எடை போடு. 70 கிராம் மிஞ்சினால் 30 கிராம் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. ஆனால் அதை 3-க்கு 7 என்று எழுதிவிடாதே. காறையில் இருப்பது காற்றோடு சேர்ந்து கல்லாகி எடை கூடிய சுண்ணாம்பு. நீற்றுச் சுண்ணாம்பாக மாற்ற 0.74-ஆல் பெருக்கு. அதன் பிறகும் சுண்ணாம்பு மணலைவிட மிக லேசு என்பதால் எடை விகிதத்தைப் படியளவாக மாற்றித்தான் கொத்தனாரிடம் சொல்ல வேண்டும். மணலில் சிப்பித் துணுக்கு இருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் கெடுக்கும்; பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொள். சிவப்புத் தூள் மிஞ்சினால் சுர்க்கி, அதாவது செங்கல் பொடி, சேர்த்திருக்கிறார்கள்.

கார்னிஸில், அதாவது சுவரின் மேல்விளிம்பில், முளைத்த அரசங்கன்றைக் கண்டால் பிடுங்காதே, வேரோடு சுவரும் வரும். அடியோடு வெட்டி, வெட்டுவாயில் வேர்க்கொல்லி தடவி, செத்த பிறகு குழியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடை. ஐப்பசி மழைக்கு முன் மழைநீர்க் குழாய் ஒவ்வொன்றிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கீழே எவ்வளவு வருகிறதென்று பார். மேலே ஊற்றியது கீழே வரவில்லை என்றால் அது சுவருக்குள் போகிறது.

முதல் மாதிரியின் எடையைப் போட்டதும் எனக்கு எழுது. மணலையும் ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்து அனுப்பு, விகிதத்தைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அப்பா