நகராட்சிக்காரர்கள் ஆகப்போகிறோமாம்

9.2.2025

அன்புள்ள தோழிக்கு,

நலம். நலமறிய ஆவல். பேத்தியின் காதுகுத்துக்கு நான் வரவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாக உன் அண்ணி சொன்னார். கோபத்தைப் பத்திரமாக வைத்திரு, சித்திரையில் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அன்று எனக்குக் கூட்டம் இருந்தது. "மெம்பரம்மாவுக்குக் கூட்டமாம்" என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி. என் தேர்தல் சின்னத்தை வைத்து நீ அடித்த கேலியையே தாங்கியவள் நான்.

ரேடியோ சித்தப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லார் வீட்டுச் சுவரிலும் விரிசல் தெரிகிறது என்கிறார். பெரியத்தை அப்படியேதான் இருக்கிறார், மாறுவதாக உத்தேசம் இல்லை. குட்டை சார் வீடு விற்றுவிட்டது. வாங்கியவர் முருங்கை மரத்தை வெட்டிவிட்டார். நீ அழ வேண்டாம், நான் ஏற்கெனவே சண்டை போட்டாயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு. பேச்சு என்று சொன்னாலும் டீக்கடையில் அது முடிந்த காரியம். வருடப் பிறப்பை ஒட்டி வந்த அரசு அறிவிப்பை நீ பார்த்திருப்பாய்: 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள், இருக்கிற 16 மாநகராட்சிகளுக்கும் 41 நகராட்சிகளுக்கும் எல்லை விரிவு. அன்று முதல் ஊரில் வேறு பேச்சே இல்லை. பொங்கலுக்கு வந்த பிள்ளைகளெல்லாம் கரும்பைக் கடித்தபடி சதுர அடி விலை பேசினார்கள். தெற்கே பிளாட் போட்டு வைத்திருப்பவருக்கு முகத்தில் அப்படி ஓர் ஒளி. சேர்க்க வேண்டும் என்று அவரே ஆளனுப்பி மனு எழுத வைத்ததாகவும் கேள்வி. அதை நான் சொன்னேன் என்று அண்ணியிடம் சொல்லிவிடாதே.

எனக்கு முதலில் கோபமும் வரவில்லை, குளிரவும் இல்லை. சேர்ந்தால் என்ன என்றுதான் நினைத்தேன். ஊராட்சி உறுப்பினராக உட்கார்ந்து பார்த்தால் உனக்கும் அப்படித்தான் தோன்றும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடை, நாம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டினோமே, அதேதான், இன்னும் அங்கேதான் இருக்கிறது. கட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டால் நிதி இல்லை. மத்திய நிதிக்குழு மானியம் வருகிறது, ஆனால் அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் தொடலாம். மிச்சம் 40-ல் தெரு, விளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் பங்கு கேட்கும். தூய்மைக் காவலர்களுக்கு மாதம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு அவர்கள் நம் தெருவில் கால் வைப்பதே பெரிய விஷயம். இதற்கு நடுவில் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பேர் ஒப்பும் விழுந்தால்தான் ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்க முடியும். கார்த்திகையில் எரியாமல் போன கோவில் தெரு பல்பு தை மாதம்தான் எரிந்தது, அதுவும் நான் இருவர் வீட்டுக்கும் மாறி மாறி நடந்த பிறகு. தூது போன தமயந்தியின் அன்னத்துக்குக்கூட இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

அதனால் சேரட்டும் என்றே இருந்தேன். ஜனவரி 26 வரைக்கும்.

குடியரசு தினக் கிராம சபை இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். நம் ஊர் மக்கள்தொகைக்கு, அதாவது மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரத்துக்குள் இருந்தால், 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த 200 எப்படி வருகிறது என்று நினைக்கிறாய்? பிளாட்டுக்காரர் வருவாரா? மேலத்தெருப் பெரிய வீடுகளிலிருந்து யாராவது வருவார்களா? வருவது நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். கிளார்க் முந்தின நாளே சொல்லி வைத்துவிடுவார். அவர்கள் வந்து வரிசையாக உட்கார்ந்து, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, கூட்டத்தைச் சட்டப்படிக் கூட்டமாக்கிவிட்டுப் போவார்கள். எத்தனை வருடமாக நம் ஊரின் கிராம சபை இவர்கள் தலையில்தான் நிற்கிறது. ஆனால் ஒரு நாளாவது இவர்கள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

அன்று திறந்தார்கள்.

முதலில் தலைவரின் வீட்டுக்காரர் வழக்கம்போல மேடை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "அண்ணே, கிராம சபையில் நீங்களும் ஒரு வாக்காளர்தான், வாக்காளர்களுக்குப் பாய் விரித்திருக்கிறது" என்றேன். சுற்றிலும் சிரிப்பு. மனிதர் இறங்கிப் பாயில் உட்கார்ந்தார், பாவம், முட்டி வலி வேறு. தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமா நன்றியா என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. (ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆன பிறகும், தபால்காரர் "தலைவர் இருக்கிறாரா" என்று கேட்டால் இவர்தான் வெளியே வருகிறார்.)

வழக்கமான பொருள்கள் ஓடின. வரவு செலவு, குடிநீர், டெங்கு, பிளாஸ்டிக். இணைப்பு விஷயம் பொருள் பட்டியலிலேயே இல்லை. வாத்தியார் மகன்தான் எழுந்து ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான். நகராட்சி ஆனால் சாக்கடை வரும், குப்பை வண்டி தினம் வரும், வீட்டுக் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்றான். சாக்கடை விஷயத்தில் அவன் சொல்வதை என்னால் மறுக்க முடியாது. நான்கூடத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது கோட்டைமேட்டுப் பாட்டி, உன் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவளின் மகள், இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்: "நகராட்சி ஆனால் நூறு நாள் வேலை உண்டா, இல்லையா?"

பதில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அந்தச் சட்டம் கிராமத்துக்கு மட்டுமே. எல்லை மாறினால் அட்டை வெறும் அட்டை. அவர்களுக்கு நவம்பர் கடைசியிலிருந்து கூலியே வந்து சேரவில்லை, அதையும் மீறித்தான் அந்த வேலை வேண்டும் என்கிறார்கள். ஏட்டில் 319 ரூபாய், அளந்து கொடுப்பது அதற்கும் குறைவு. அதை வைத்துத்தான் பாட்டி மாத்திரை வாங்குகிறாள்.

பிறகு ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். கலைஞர் கனவு இல்லத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேனே, அது கிடைக்குமா? அதுவும் ஊரகத் திட்டம்தான். மூன்றரை லட்சம் ரூபாய் வீடு கையை விட்டுப் போகும். வீட்டு வரி எவ்வளவு ஏறும்? இதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது: 2022-ல் நகராட்சிகளில் வரியை மாற்றியபோது 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கே 25 சதவீதம் ஏற்றினார்கள், 1,800-க்கு மேல் 100 சதவீதம். ஆனால் ஊராட்சி வரியிலிருந்து நகராட்சி வரிக்குத் தாவும்போது என்ன ஆகும் என்று கேட்டால் அது வேறு கணக்கு. வாத்தியார் மகன் "வளர்ச்சி வேண்டும் என்றால் வரி கட்டத்தான் வேண்டும்" என்றான். "வளர்ச்சி உன் வீட்டுப் பக்கம் வரும், வரி என் வீட்டுப் பக்கம் வரும்" என்றாள் பாட்டி. நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. எதிர்ப்புத் தெரிவித்துத் தீர்மானம் போடலாம் என்று ஆனது. கிளார்க் தீர்மானப் புத்தகத்தில், "பொதுமக்கள் ஆட்சேபணை தெரிவித்தனர்" என்று ஒரே வரி எழுதி, கோடு போட்டுப் பேனாவை மூடினார். பாட்டி படித்துக் காட்டச் சொன்னாள். படித்தார். "என்ன ஆட்சேபணை என்று எழுதவில்லையே" என்றாள். "அதெல்லாம் மேலே இருப்பவர்களுக்குப் புரியும் பாட்டி." "புரிந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பேனாவைத் திற." கிளார்க் திறந்தார்! அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: வேலை போகும், வீடு போகும், வரி ஏறும். நான்காவதாக, "கேட்பதற்கு இப்படி ஓர் இடம் இருக்காது."

அந்த நான்காவதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், ஊராட்சியில் யாரும் கிராம சபையின் உறுப்பினர். வருடத்தில் ஆறு நாள் அந்த உரிமைக்கு உட்கார இடம் உண்டு, 2022-ல்தான் மார்ச் 22-ஐயும் நவம்பர் 1-ஐயும் சேர்த்தார்கள். நகராட்சியில் கவுன்சிலர்கள் கூடுவார்கள், தீர்மானிப்பார்கள். மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை என்று ஒன்று 2022 நவம்பரில் நகரங்களிலும் தொடங்கினார்கள், சரி. அது இந்தப் பாட்டி பேனாவைத் திறக்கச் சொல்லும் அளவுக்கு இருக்குமா? தேர்தலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2016-ல் முடிந்த நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. நம் ஊரிலும் 2021 வரை தேர்தல் இல்லாமல் அரசு வைத்த தனி அலுவலர் ஆட்சிதானே. ஒரு பல்புக்காக ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போன காலம் எனக்கு மறக்கவில்லை. பக்கத்து மாவட்டத்தில் 2019-ல் தேர்தல் நடந்த ஊராட்சிகளில் போன மாதம் 5-ஆம் தேதியோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், மறுபடியும் தனி அலுவலர். நாங்கள் 2021-ல் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டக் கணக்கில் இருப்பதால் இன்னும் கொஞ்ச காலம் நாற்காலி இருக்கிறது.

நீ உடனே உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொண்டு வருவாய் என்று தெரியும். வா. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் குடவோலைக்கு ஆகாது என்று பராந்தகன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்தார்களே, அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, அலுவலகச் சுவரில் ஒட்டுகிறேன். ஒட்டினால் எத்தனை நாற்காலி மிஞ்சும் என்று பார்க்க எனக்கும் ஆசை.

இப்போது உன்னிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. இவ்வளவு எழுதியது அதற்காகத்தான். நீ அங்கே மனை வாங்கியபோது உன் பகுதி ஊராட்சியாக இருந்தது. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியை விரித்தபோது 9 நகராட்சிகளையும் 8 பேரூராட்சிகளையும் 25 ஊராட்சிகளையும் உள்ளே இழுத்தார்களே, அந்த 25-ல் உன்னுடையதும் ஒன்று. நம் தோழிகளில் இணைப்பை உள்ளிருந்து பார்த்தவள் நீ ஒருத்திதான். அதனால் தற்பெருமை, மழை வெள்ளப் புராணம் இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு நேராகச் சொல். குழாயில் தண்ணீர் வர எத்தனை வருடம் ஆனது? பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா, குழி மட்டும் வந்ததா? வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு நீயே போய்ப் பேச முடிகிறதா, இடையில் ஆள் வேண்டுமா? பகுதி சபை கூடினால் உனக்குத் தகவல் வருகிறதா? உன் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற அம்மாவிடமும் இதே கேள்விகளைக் கேள், அவர் பதிலைத் தனியாக எழுது. உன் பதிலைவிட அதுதான் எனக்கு முக்கியம், வருத்தப்படாதே.

நான் எந்தப் பக்கம் என்று கேட்காதே. சாக்கடையைத் தாண்டும்போது ஒரு பக்கமும், பாட்டி வீட்டைத் தாண்டும்போது இன்னொரு பக்கமும் இருக்கிறேன். ஆட்சேபணையை எழுத்தில் தனியாகவும் கொடுக்கலாம் என்று சொல்கிறார்கள். வெறும் "எதிர்க்கிறோம்" என்று எழுதாமல் கணக்கோடு எழுத வேண்டும் என்று பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறோம்.

ஆகவே உன் பழைய ஊராட்சி வரி ரசீதையும் மாநகராட்சியின் முதல் ரசீதையும் தேடி எடு. நீ எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை, அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கும். இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து சனிக்கிழமைக்குள் அனுப்பு. பதில் கடிதம் மெதுவாக வரட்டும்.

பேத்திக்கு என் முத்தம். உன் வீட்டுக்காரருக்கு வணக்கம், அவருடைய சர்க்கரைக் கணக்கையும் எழுது.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சுக்காரி