காலி செய்வதும் விடுதலை கொடுப்பதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கில–ருஷ்யச் சொல் பகுதியில் 'வெகேட்' என்ற வினைக்கு அஸ்வபதீத், பகீனுத் என்று இரண்டு ருஷ்யச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இரண்டுக்கும் சேர்த்து 'காலி செய்தல்' என்று முடித்துவிட்டீர்கள். மாஸ்கோவில் தங்கிப் படித்தவள் நான். இது படிக்கிற பிள்ளைகளைக் குழப்பிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

போன புதிதில் ஒருநாள் மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தேன். ரயில் நின்றது. "போயெஸ்த் தால்ஷெ நே இத்யோத், ப்ரோஸ்பா அஸ்வபதீத் வகோனி" என்று அறிவிப்பு வந்தது. ரயில் இதற்கு மேல் போகாது என்பது வரை புரிந்தது. அப்புறம் வந்த அஸ்வபதீத்? எனக்குத் தெரிந்த ஸ்வபோதா என்றால் சுதந்திரம். பெட்டிகளுக்கு என்ன சுதந்திரம் என்று யோசிப்பதற்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஒரு பாட்டி என் கையைத் தொட்டு வாசலைக் காட்டினார். பெட்டியைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்!

வீடு, ஓட்டல் அறை, பதவி எல்லாவற்றுக்கும் இதே வினைதான். நாம் காலி என்று வெறுமையைச் சொல்கிற இடத்தில் ருஷ்யர்கள் அந்த இடத்தை விடுவிப்பதாகச் சொல்கிறார்கள். 1945-இல் சோவியத் அரசு ஏற்படுத்திய 'ப்ராக் விடுதலைக்காக' என்ற பதக்கத்தின் பெயரிலும் இந்த வினையிலிருந்து வந்த சொல்தான் இருக்கிறது. அறையைக் காலி செய்வதும் ஒரு நகரத்தை மீட்பதும் ஒரே சொல்லில் அடங்குவது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

பகீனுத் அப்படியில்லை. அதில் விட்டுவிட்டுப் போவது இருக்கிறது. ஆபத்து நேரத்தில் கட்டடத்தை விட்டு வெளியேறச் சொல்ல இது சரி. ஆனால் கைவிடப்பட்ட வீட்டுக்கும் ருஷ்யர்கள் இதே வினையிலிருந்து பிறந்த 'பகீனுதி' என்ற சொல்லைத்தான் சொல்வார்கள். "அவர் நம்மைப் பிரிந்தார்" என்று இறந்தவரைப் பற்றிச் சொல்லவும் இது வரும். ஓட்டல் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது இவ்வளவு கனமான சொல் வேண்டாமே.

இன்னொன்று விட்டே போயிருக்கிறது. நீதிமன்றம் இடைக்காலத் தடையை 'வெகேட்' செய்தால் தமிழில் நீக்கியது என்போம். ருஷ்யத்தில் அத்மினீத், அதாவது ரத்து செய்தல். மேலே சொன்ன இரண்டும் அங்கே பொருந்தாது.

அடுத்த இதழில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் சேர்த்துத் திருத்தம் வெளியிடுங்கள். மெட்ரோ அறிவிப்பையே முதல் வாக்கியமாக வைக்கலாம்.

இப்படிக்கு,
ருஷ்யம் படித்த வாசகி ஒருத்தி,
திருநெல்வேலி