விவசாயிகள் சங்கம்: 2025-ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், அறுவடை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த வருடம் சங்கத்தின் நேரம் பெரும்பாலும், மத்திய அரசு விவசாயிகளின் வங்கிக் கணக்கில் போடும் பி.எம். கிசான் பணத்துக்கே போனது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2019-ல் திட்டம் தொடங்கியபோது இருந்த அதே தொகைதான் இன்றும். ஒரு மூட்டை டிஏபி உரம் 1,350 ரூபாய் விற்கிறது. ஒரு தவணையில் இரண்டு மூட்டை வாங்க முடியாது. ஏப்ரல் முதல் ஜூலை வரைக்குமான தவணை ஆகஸ்ட் 2-ல்தான் வந்தது. அதற்குள் நம் பக்கம் குறுவை நடவே முடிந்துவிட்டது. அடியுரத்துக்கு எல்லோரும் வட்டிக்குத்தான் வாங்கினோம். நவம்பர் 19-ல் பிரதமர் கோயம்புத்தூரில் விடுவித்த தவணை சம்பாவுக்கு ஓரளவு உதவியது.

பணம் வராதவர்களின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பலருக்குப் பணம் வந்துதான் இருந்தது. ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் அது போகும். நம் உறுப்பினரான ஒரு அம்மா, கூட்டுறவு வங்கிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடமாக அலைந்தார். நூறு நாள் வேலைக்காகத் தொடங்கிய வேறு கணக்கில் மூன்று தவணையும் அப்படியே கிடந்தன. அவருக்கே இன்னொரு தொல்லை. பணம் பெற ஆதார் சரிபார்ப்பு செய்யப் போனால், களை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. அப்புறம் கைப்பேசியில் முகத்தைக் காட்டிப் பதிந்தோம், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவில், பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாக்காரர்கள்தான் அதிகம் அலைந்தார்கள். தாத்தா பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்தால் பேரனுக்கு எதுவும் வராது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சரிபார்ப்பு கூடாது என்று நாம் சொல்லவில்லை. 2020-ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயரில் 100 கோடிக்கு மேல் பணம் போனதை மறக்க முடியாது. அதன் பிறகு நேர்மையான விவசாயியும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்.

என் மனதை உறுத்துவது குத்தகைதாரர்கள் நிலைமைதான். கோயில் நிலத்தையும் வெளியூர்க்காரர் நிலத்தையும் உழுது விதைத்து அறுப்பவர் இவர். கிசான் பணம் மட்டும் பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தது. ஆனால் நம் ஊரில் இன்னும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான். பதிந்திருந்தாலும் இந்தப் பணம் கிடைக்காது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டி கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலை வைத்துப் பயிர்க் காப்பீடு செய்ய முடிகிறது. அதே அடங்கலை இதற்கும் ஏற்க வேண்டும் என்று குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. வரும் ஆண்டும் கொடுப்போம். அதற்கான தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டுப் பட்டா உள்ளவர்கள் சிட்டா நகலோடு கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள், விண்ணப்பத்தை இங்கேயே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்