செயலாளர் ஆண்டறிக்கை: புயல் நினைவுகளைத் தொகுத்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான நடவடிக்கைகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் இளைஞர்கள் அதிகம் என்பது மகிழ்ச்சி. நூலகப் பொறுப்பை மகளிர் குழு ஏற்றுக்கொண்ட பிறகு மாலையில் வந்து படிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீதி அறிக்கை முழுவதும் ஒரே ஒரு பணியைப் பற்றியது.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, நம் உறுப்பினர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் வாழ்நாளில் பார்த்த மிக மோசமான புயலைப் பற்றிய நினைவுகளைத் தொகுக்கத் தொடங்கினோம். வெவ்வேறு கடற்கரைகளில் வளர்ந்தவர்கள் நம்மிடையே இருப்பதால் ஏராளமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தோம். கிடைத்தது. ஆனால் ஆரம்பக் கூட்டங்களில் எல்லோரும் காற்றைப் பற்றியே பேசினார்கள். காற்றின் ஊளை, பறந்துபோன கூரை, வேரோடு சாய்ந்த மரம் என்று ஒவ்வொருவர் கதையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "காற்றை விடுங்கப்பா, தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க" என்றார். கேட்டோம். அவரிடமே முதலில் கேட்டோம்.

அவருக்கு அப்போது ஏழெட்டு வயது. இரவு காற்றுக்குப் பயந்து கதவை அடைத்து, அதன்மேல் ஒரு மரப்பெட்டியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கதவிடுக்கில் தண்ணீர் கசிந்தது. மழைத் தண்ணீர்தான் என்று அவருடைய அம்மா பழைய சாக்கை மடித்து வைத்து அடைத்தார். ஊறிப்போன சாக்கை அக்கா எடுத்துப் பிழிந்தபோது வாயில் தெறித்த தண்ணீர் உப்புக் கரித்தது. "அம்மா, இது கடல் தண்ணி" என்று அக்கா சொன்னதும் அதற்கப்புறம் யாரும் கதவைப் பார்க்கவில்லை, பரணைத்தான் பார்த்தார்கள். விடியும்வரை பரணில் இருந்தார்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, காற்றைப் பற்றி முன்பே பேசியிருந்த பலரும் மறுபடியும் பேச அனுமதி கேட்டார்கள். நம் தொகுப்பு உண்மையில் அந்தக் கூட்டத்தில்தான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

காற்றைவிடத் தண்ணீரைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. புயலின் நடுவே காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் எழும்பும். 50 குறைந்தாலும் அரை மீட்டர்தான். மீதி உயரம் முழுவதும் காற்று கடலைக் கரைமேல் தள்ளுவதால் வருகிறது. ஆழம் குறைந்த கடலென்றால் தண்ணீர் இறங்கிப் போக இடமில்லாமல் மேலே ஏறும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு டன் எடை. அது ஓடி வந்து மோதினால் எந்தச் சுவர் நிற்கும்? 1970 நவம்பர் 12 இரவு வங்கக் கடலின் வடமுனையில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். கடலின் அன்றாட ஏற்றம் உச்சத்தில் இருந்த நேரத்தில், காற்று தள்ளிவந்த புயல் அலையும் சேர்ந்துகொண்டது. பிழைத்தவர்களைப் பார்த்த மருத்துவர்கள், பலருடைய மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடையிலும் ஒரே மாதிரியான சிராய்ப்புகளைக் கண்டார்கள். மணிக்கணக்கில் மரத்தைக் கட்டிப்பிடித்திருந்த காயம் அது. பிடித்துக்கொண்டிருக்க வலு இல்லாத குழந்தைகளும் முதியவர்களும் பெண்களுமே அதிகம் போனார்கள்.

தனுஷ்கோடியை இடிந்த தேவாலயப் படங்களில் மட்டுமே பார்த்திருந்த நம் இளைஞர்கள், 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து அங்கே போன ரயிலைக் கடல் பயணிகளோடு கொண்டுபோனது என்பதை நம் கூட்டத்தில்தான் முதல்முறையாகக் கேட்டதாகச் சொன்னார்கள். அறுபது சொச்சம் ஆண்டுக்குள்ளேயே இவ்வளவு மறந்துபோகிறதே என்ற கவலை எனக்கு உண்டு.

மறதியைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொன்று. "அந்தப் புயலையே பார்த்தாச்சு, இதெல்லாம் ஒண்ணுமில்ல" என்ற பேச்சு நம் பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்தது. தப்பிப் பிழைத்தவர்களின் நினைவே அடுத்த புயலில் அவர்களை வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி கடற்கரையில் இது நடந்தது. 1969-ல் வந்த கமீல் அங்கே மிக உயர்ந்த ஐந்தாம் வகைப் புயல். 2005-ல் கத்ரீனா கரையேறியபோது மூன்றாம் வகைதான். கமீலுக்கே தாங்கிய வீடு என்று பலர் வெளியேறவில்லை. ஆனால் கத்ரீனா அளவில் மிகப் பெரிய புயல் என்பதால் அது தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் சில இடங்களில் எட்டு மீட்டரைத் தாண்டி, கமீல் காலத்து உயரத்தையும் விஞ்சியது. காற்றை வைத்துத் தரும் வகை எண் தண்ணீரைச் சொல்லாது. 2010 முதல் அந்த வகை அளவுகோலிலிருந்து புயல் அலையின் உயரத்தை நீக்கி, அது காற்றுக்கு மட்டும் என்று தெளிவாக்கிவிட்டார்கள்.

நினைவு நல்லவிதமாகப் பயன்பட்ட இடங்களும் உண்டு. போலாவுக்குப் பிறகு 1972-ல் வங்கதேசம் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்றும் தன்னார்வலர்கள் மெகாபோனோடு வீடு வீடாகப் போகிறார்கள். ஒடிசாவில் 1999 அக்டோபர் 29 அன்று வந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் அங்கே பைலின் புயல் வந்தபோது, முந்தைய அனுபவத்தை மறக்காத அரசும் மக்களும் சேர்ந்து லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறப்பு பத்துகளில் நின்றது. இதைப் படித்துக் காட்டியபோது கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

நம் கேள்வித்தாளையும் இடையில் மாற்றினோம். "காற்று எந்தத் திசை?" என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. "எந்தப் பக்கத்துக் கதவைத் திறக்க முடியவில்லை?" என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. இந்தக் கேள்வியைச் சொன்னது நம் துணைச் செயலாளர். முதலில் ஒரு பக்கத்துக் கதவு, நடுவில் அமைதி, அப்புறம் எதிர்ப்பக்கத்துக் கதவு என்றால் புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, அந்த வீட்டின் மேலாகவே கடந்திருக்கிறது. இடையில் அமைதியே இல்லாமல் காற்று மெல்ல மெல்லத் திசை மாறியிருந்தால் கண் சற்றுத் தள்ளிப் போயிருக்கிறது. ஒரு அம்மா, காற்று நின்றதும் புயல் முடிந்தது என்று நினைத்து எல்லோரும் தெருவுக்கு வந்ததையும், நட்சத்திரம் தெரிந்ததையும், பக்கத்து வீட்டுக்காரர் ஏணி வைத்து ஓட்டைச் சரிசெய்ய ஏறியதையும் சொன்னார். எதிர்த்திசைக் காற்று வந்தபோது அவர் இன்னும் கூரையில் இருந்தார். மேலே எதுவும் அந்த அம்மா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தேதியைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைப்பது 2004-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையவற்றை மக்கள் பிள்ளை பிறந்த வருடம், கல்யாணம் நின்றுபோன வருடம் என்று வைத்தே சொல்கிறார்கள். இரண்டு புயல்கள் ஒரே கதைக்குள் கலந்துவிடுவதும் உண்டு. அப்படிக் கலந்தவற்றை நாம் திருத்தாமல் அப்படியே எழுதிவிட்டு, ஓரத்தில் குறிப்பு மட்டும் போட்டிருக்கிறோம். சொன்னவர் சொன்னபடி இருக்கட்டும் என்பது செயற்குழுவின் முடிவு. எனக்கு அதில் முழு உடன்பாடு.

பேச விரும்பாதவர்களும் இருந்தார்கள். யாரையும் வற்புறுத்தவில்லை. கூட்டங்களுக்குத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்த ஒருவர், ஒருநாள் மடித்த தாளொன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். புயலில் போன தன் குடும்பத்தாரின் பெயர்களையும் வயதையும் மட்டும் எழுதியிருந்தார். அதைப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறோம். வெளியே வாசிப்பதற்கில்லை.

வரும் ஆண்டுக்காகச் செயற்குழு முன்வைக்கும் பணிகள்: தண்ணீர் ஏறிய உயரம் தெரிந்த சுவர்களில், வீட்டுக்காரர் சம்மதத்தோடு, தேதியும் கோடும் பெயின்டால் குறித்து வைப்பது. எண்பது வயதைத் தாண்டியவர்களின் பேச்சை முதலில் ஒலிப்பதிவு செய்வது, இது தள்ளிப்போடக் கூடாத வேலை. அப்புறம், எச்சரிக்கை வந்தால் தனியாக வசிக்கும் முதியவர்களை யார் யார் போய் அழைத்து வருவது என்று தெருவாரியாகப் பெயர்ப் பட்டியல் எழுதுவது. பட்டியலில் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம். தாளும் பேனாவும் வைத்திருக்கிறேன்.

நினைவுகளைப் பகிர்ந்த பெரியவர்களுக்கும், அவர்கள் வீட்டுக்கே போய்ப் பொறுமையாகக் கேட்டு எழுதிவந்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, மேற்சொன்ன பணிகளுக்கு ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்